சின்ன பயணக் கேமராவுக்கு எந்த ஃபிளாஷ் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையடக்கக் கேமரா வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் ஃபிளாஷ் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்து வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்கின்றன.

கேமராவிலேயே ஒரு குட்டி ஃபிளாஷ் இருக்கே, தனியா இன்னொண்ணு எதுக்கு?

உள்ளே இருக்கும் ஃபிளாஷுக்கு இரண்டு குறைகள். ஒன்று, அது லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. வெளிச்சம் நேராக முகத்தில் அடித்து அப்படியே திரும்பி வருவதால் மூக்கும் கன்னமும் தட்டையாகி விடுகின்றன. கண்ணுக்குள் போன வெளிச்சம் விழித்திரையில் பட்டுத் திரும்புவதுதான் சிவப்புக் கண். இரண்டாவது, அதைப் பெரும்பாலும் எந்தப் பக்கமும் திருப்ப முடியாது.

வெளி ஃபிளாஷ் வாங்குவதன் முக்கியப் பயன், வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடிகிறது என்பதே. கூடுதல் சக்தி அதற்கு அடுத்தபடிதான்.

என் கேமராவில போட முடியுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கேமராவின் தலையில் இரண்டு பக்கமும் தண்டவாளம் போல மடிந்த உலோகப் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஹாட் ஷூ. இருந்தால் போடலாம். சில பிரபலமான சின்னக் கேமராக்களில் அது கிடையாது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் இரண்டாம் பதிப்பில் மட்டும்தான் ஷூ உண்டு, முன்னும் பின்னும் வந்தவற்றில் இல்லை. கேனான் ஜி7 எக்ஸ் மூன்றாம் பதிப்பிலும் இல்லை. அப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது. மாறாக, ரிக்கோ ஜிஆர் மூன்றில் உள் ஃபிளாஷ் இல்லை, ஆனால் ஷூ இருக்கிறது.

ஷூ இருந்தாலும் வேலை முடியவில்லை. நடுவிலிருக்கும் பெரிய முனை "இப்போது வெடி" என்று மட்டும் சொல்லும். அது எல்லாருக்கும் பொது. சுற்றியுள்ள சின்ன முனைகளில்தான் கேமராவும் ஃபிளாஷும் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. சோனி 2012 முதல் தன் சின்ன முனைகளைப் பள்ளத்தின் முன்விளிம்புக்கு அடியில் வைக்கிறது. ஒலிம்பஸும் பானாசோனிக்கும் ஒரே மொழியைப் பகிர்கின்றன.

மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் ஒரே ஃபிளாஷைப் பல பதிப்புகளாக விற்பது இதனால்தான். கோடாக்ஸ் டிடி350 என்றால் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். சோனிக்கு எஸ், ஃபியூஜிக்கு எஃப், ஒலிம்பஸ்-பானாசோனிக்குக்கு ஓ. தவறான எழுத்தை வாங்கினால் பள்ளத்தில் நுழைந்தாலும் தானியங்கி வேலை எதுவும் நடக்காது. கேனான் 1500டி, 3000டி போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில் நடு முனையே இல்லை. பொது ஃபிளாஷ் எதுவும் அவற்றில் எரியாது.

கைடு நம்பர் ஒண்ணுல 36, இன்னொண்ணுல 20. 36 தானே நல்லது?

கைடு நம்பர் என்பது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண். அதை மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு அளவு, எஃப்/4 என்பது போல எழுதுவார்கள்) கிடைக்கும். கைடு நம்பர் 20, ஆள் 5 மீட்டரில் நிற்கிறார் என்றால், ஐஎஸ்ஓ 100-இல் எஃப்/4. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, நான்கு மடங்காக்கினால் கைடு நம்பர் இரண்டு மடங்காகும். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் இரண்டு எண்களை ஒப்பிடும் முன் அவை எந்த நிலையில் அளக்கப்பட்டவை என்று பாருங்கள். டிடி350-இன் 36 என்பது அதன் தலையை 105 மிமீ ஜூமுக்கு இழுத்து, வெளிச்சத்தை ஒடுக்கி எடுத்த எண். நிஸ்ஸின் ஐ40-க்கு 105 மிமீ நிலையில் 40, அதே ஃபிளாஷ் 35 மிமீ நிலையில் 27. பயணத்தில் நாம் அதிகம் எடுப்பது 28, 35 மிமீ அகலத்தில்தான். ஆகவே அந்த நிலையின் எண்ணைத் தேடிப் பாருங்கள். சிலர் ஐஎஸ்ஓ 200-க்கான எண்ணைப் போடுவார்கள். அதை 1.4-ஆல் வகுத்தால்தான் மற்றவற்றோடு ஒப்பிட முடியும்.

இப்போ ஐஎஸ்ஓ 6400-லயே படம் சுத்தமா வருது. ஃபிளாஷே தேவையில்லாத காலம் இல்லையா இது?

ஐஎஸ்ஓ இருக்கிற வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும், அதன் திசையை மாற்றாது. தலைக்கு நேர் மேலே ஒரே ஒரு விளக்கு எரியும் அறையில் எடுத்த முகத்தைப் பாருங்கள். இரண்டு கண்குழியும் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழுந்திருக்கும். ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் கறுப்பு அங்கேதான் இருக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர் விஷயமும் அப்படியே.

உண்மையில் நல்ல ஐஎஸ்ஓ வந்த பிறகுதான் சின்ன ஃபிளாஷுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. முன்பு கூரையில் அடித்து எடுக்கப் பெரிய ஃபிளாஷ் வேண்டியிருந்தது. இப்போது உள்ளங்கை அளவு ஃபிளாஷ் அந்த வேலையைச் செய்கிறது. கணக்கு அடுத்த பதிலில்.

தலை மேலே திரும்புற மாதிரி வேணுமா? அவ்வளவு முக்கியமா அது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் இருக்கிற கேள்விகளிலேயே இதுதான் முக்கியம். தலை திரும்பாத சக்தி வாய்ந்த ஃபிளாஷை விட, தலை திரும்பும் பலவீனமான ஃபிளாஷையே எப்போதும் வாங்கச் சொல்வேன்.

வெள்ளைக் கூரையில் வெளிச்சத்தை அடித்தால் கூரையே பெரிய விளக்காகிறது. மேலிருந்து பரவலாக இறங்கும் வெளிச்சத்தில் கன்னத்தின் வளைவு தெரியும், தாடைக்குக் கீழே மென்மையான நிழல் விழும், பின்னால் இருக்கும் சுவரும் சேர்ந்து வெளிச்சமாகும். இதற்கு விலை உண்டு: கூரையில் பட்டுச் சிதறுவதில் 2 முதல் 3 ஸ்டாப் வரை வெளிச்சம் போய்விடும். (ஒரு ஸ்டாப் என்றால் பாதி.) கைடு நம்பர் 20 உள்ள ஃபிளாஷை எடுத்துக்கொள்வோம். 3 ஸ்டாப் போனால் 20 என்பது 7 ஆகிறது. கேமராவிலிருந்து கூரைக்குப் போய் ஆளிடம் வரும் பாதை 4 மீட்டர் என்றால், ஐஎஸ்ஓ 100-இல் எஃப்/1.8 வேண்டும். முழு சக்தியில் அடித்தும் தடுமாற்றம்தான். இதையே ஐஎஸ்ஓ 1600-க்கு மாற்றினால் எண் நான்கு மடங்காகி எஃப்/7 வருகிறது. நீங்கள் எஃப்/4-இல் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போதும். ஃபிளாஷ் சீக்கிரம் தயாராகும், பேட்டரியும் அதிக நேரம் வரும்.

அப்புறம், மேலே மட்டும் நிமிரும் தலை பாதி வசதிதான். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்த மறுநொடி அது பக்கச் சுவரைப் பார்க்கும். மேலேயும் பக்கவாட்டிலும் இரண்டு விதமாகவும் திரும்பும் தலையாகப் பாருங்கள். ஒலிம்பஸின் எஃப்எல்-எல்எம்3 கைடு நம்பர் 9 அளவே உள்ள சின்னப் பொருள், தனி செல்கூட இல்லை, கேமராவிலிருந்தே மின்சாரம் எடுக்கும். ஆனால் தலை இரண்டு விதமாகவும் திரும்பும். அதை வடிவமைத்தவர்கள் பயணம் செய்கிறவர்களைப் புரிந்துகொண்டவர்கள்.

ஆள் மிக அருகில் இருந்தால் நேர் மேலே அடிக்காதீர்கள், கண்குழியில் மறுபடி நிழல் விழும். தலையைச் சற்றுப் பின்னோக்கியோ ஒரு பக்கச் சுவரை நோக்கியோ திருப்புங்கள். சுவர் பச்சையாக இருந்தால் முகமும் பச்சையாகும் என்பதை மட்டும் கவனியுங்கள். கூரை மிக உயரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் இந்த வழி எடுபடாது.

எவ்வளவு சின்னதா வாங்கலாம்?

பையில் தினமும் இருக்கிற அளவுக்குச் சின்னதாக. அறையில் விட்டுவிட்டுப் போகிற ஃபிளாஷ் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

நடைமுறையில் மூன்று அளவுகள் இருக்கின்றன. மிகச் சின்னதாக, தலை திரும்பாத, ஏஏஏ செல்லில் ஓடுகிறவை ஒரு வகை. கோடாக்ஸ் லக்ஸ் ஜூனியர் அப்படி ஒன்று, கைடு நம்பர் 12. இரண்டு ஏஏ செல்லில் ஓடும், தலை திரும்பும் டிடி350 போன்றவை அடுத்தது. நான்கு ஏஏ செல் கேட்கும் ஐ40 மூன்றாவது. பெரும்பாலானவர்களுக்கு நடுவகை சரியாக இருக்கும். ஐ40-இன் கட்டுப்பாடு திருகுவட்டில் இருப்பதால் இருட்டிலும் கைக்குப் பழகிவிடும், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் நான்கு செல்லோடு சேர்த்தால் 300 கிராம் எடை. உங்கள் கேமராவே அவ்வளவுதான் என்றால், தலை கனத்து ஒரு கையில் பிடிப்பது சிரமம்.

டிடிஎல் வேணுமா, மேனுவல் போதுமா?

டிடிஎல் என்பது படம் எடுப்பதற்குச் சற்று முன் ஒரு சின்ன வெடிப்பு விட்டு, லென்ஸ் வழியே திரும்பி வரும் வெளிச்சத்தைக் கேமரா அளந்து சக்தியைத் தீர்மானிப்பது. பயணத்தில் ஆட்களும் தூரமும் மாறிக்கொண்டே இருப்பதால் டிடிஎல் இருப்பது நல்லது. கூரையில் அடிக்கும்போது கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை என்பது இன்னொரு நிம்மதி.

ஒரே லென்ஸ், ஒரே தூரம் என்று எடுக்கிறவராக இருந்தால் மேனுவல், அதாவது சக்தியை நீங்களே அமைப்பது, போதும். தெருவில் 2 மீட்டரில் எஃப்/8 வைத்து எடுப்பவருக்கு ஒருமுறை சக்தியை அமைத்தால் அன்று முழுக்க அதுவே வரும். இரண்டுக்கும் நடுவில் பழைய "ஆட்டோ" முறை ஒன்று உண்டு: ஃபிளாஷின் முகத்திலேயே இருக்கும் கண் வெளிச்சத்தை அளந்து தானே அணைந்துகொள்ளும். கேமராவின் மொழி தெரியாவிட்டாலும் அது வேலை செய்யும். லக்ஸ் ஜூனியரில் இந்த முறை இருக்கிறது.

ஏஏ செல்லா, லித்தியம் பேட்டரியா?

பயணத்துக்கு ஏஏ செல் பக்கம்தான் என் ஓட்டு. தீர்ந்தால் எங்கும் கிடைக்கும். ஆனால் அன்றாடம் போட வேண்டியது, சும்மா இருக்கும்போது மின்சாரத்தை இழக்காத வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல். சாதாரண ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். எண்ணைப் பார்த்தால் ஆல்கலைன் பலமாகத் தோன்றும், ஆனால் அதன் உள் மின்தடை அதிகம். ஃபிளாஷ் ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கேட்கும், ஆல்கலைனால் அதைக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும்.

விமானத்தில் உதிரி லித்தியம் அயான் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். சின்ன ஃபிளாஷின் பேட்டரி அதன் அருகில்கூட வராது. எந்தச் செல்லாக இருந்தாலும் முனைகள் சாவியிலோ நாணயத்திலோ படாதபடி உறையில் வையுங்கள்.

படத்தோட அடியில அரைவட்டமா ஒரு நிழல் விழுது. ஃபிளாஷ் கோளாறா?

கோளாறு இல்லை, அது லென்ஸின் நிழல். ஃபிளாஷ் உயரம் குறைவு, லென்ஸ் நீளம், எடுப்பது அகலக் கோணம் என்று மூன்றும் சேர்ந்தால் வரும். முதலில் லென்ஸின் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பை (லென்ஸ் ஹூட்) கழற்றுங்கள். போகாவிட்டால் கொஞ்சம் ஜூம் செய்யுங்கள் அல்லது கூரையில் அடியுங்கள். படத்தின் நான்கு மூலையும் இருண்டால் அது வேறு காரணம்: ஃபிளாஷ் தலை ஜூமில் நிற்கிறது, 24 அல்லது 28-க்கு மாற்றுங்கள்.

நல்ல வெயில்ல முகத்து நிழலைப் போக்கணும். ஆனா ஃபிளாஷ் போட்டதும் ஷட்டர் 1/160-க்கு மேல போக மாட்டேங்குது.

லென்ஸ் மாற்றும் கேமராக்களில், படத்தைப் பதியும் சென்ஸாருக்கு முன்னால் ஷட்டராக இரண்டு திரைகள் ஓடுகின்றன. வேகமான ஷட்டரில் இரண்டும் ஒரு மெல்லிய இடைவெளியாகச் சேர்ந்து ஓடும். சென்ஸார் முழுதாகத் திறந்திருக்கும் கணமே வராது. முழுதாகத் திறக்கும் கடைசி வேகம் பெரும்பாலும் 1/160-க்கும் 1/250-க்கும் இடையில் இருக்கும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/160 என்றால் எஃப்/13 வேண்டும். கைடு நம்பர் 20-ஐ 13-ஆல் வகுத்தால் ஒன்றரை மீட்டர். அதற்கு அப்பால் முகத்து நிழலை முழு பலத்தோடு நிரப்ப முடியாது.

எச்எஸ்எஸ் என்ற வசதி, ஃபிளாஷை ஒரே வெடிப்பாக இல்லாமல் படபடவென்று பல துடிப்புகளாக எரிய வைத்து இதைத் தாண்டும். ஆனால் சக்தி கணிசமாகக் குறையும், சின்ன ஃபிளாஷில் மிச்சம் அதிகம் இருக்காது. அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ரிக்கோ ஜிஆர், ஃபியூஜி எக்ஸ்100 வைத்திருப்பவர்கள் இங்கே கொடுத்து வைத்தவர்கள். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/1000-இலும் ஃபிளாஷ் முழுப் படத்தையும் எட்டும். அதே வெயிலில் 1/1000, எஃப்/5 வைக்கலாம், தூரம் கணக்குப்படி 4 மீட்டர். முழு சக்தியில் வெளிச்சத்தின் வால் கொஞ்சம் வெட்டுப்படும், ஆகவே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியா மாட்டியிருக்கு, ஆனா ஃபிளாஷ் எரியவே இல்லை.

பெரும்பாலும் சத்தமில்லாத முறையில், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரில் இருக்கிறீர்கள். அதில் சென்ஸார் வரிவரியாகப் படிக்கப்படுவதால் பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷை நிறுத்திவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்று போல முழு சென்ஸாரையும் ஒரே கணத்தில் படிக்கும் கேமராக்கள் விதிவிலக்கு, ஆனால் அவை பயணக் கேமரா இல்லை.

ஆள் பளிச்சுனு வெள்ளையா இருக்கார், பின்னால எல்லாம் கும்மிருட்டு.

வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆள் 2 மீட்டரிலும் பின்னணி 8 மீட்டரிலும் இருந்தால், பின்னணிக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. அதை ஃபிளாஷால் ஈடுகட்ட முடியாது, இருக்கிற வெளிச்சத்தைத்தான் உள்ளே விட வேண்டும். ஸ்லோ சிங்க் முறையை (ஃபிளாஷோடு மெதுவான ஷட்டரும் சேர்வது) வைத்து ஷட்டரை 1/15 அல்லது 1/30 ஆக்குங்கள், ஐஎஸ்ஓவை 800-க்கோ 1600-க்கோ ஏற்றுங்கள், ஃபிளாஷ் அளவை ஒரு ஸ்டாப் குறையுங்கள். பின்னணியின் விளக்குகள் படத்துக்குள் வந்துவிடும், ஆள் ஃபிளாஷின் ஒரு நொடித்துணுக்கில் உறைந்து நிற்பார்.

அப்படி எடுத்தா முகம் நீலமாவும் அறை ஆரஞ்சாவும் வருதே?

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். ஃபிளாஷின் வெளிச்சம் 5500 முதல் 6000 கெல்வின், பகல் நிறம். மஞ்சள் விளக்கு 3000-க்குப் பக்கம். இரண்டும் கலந்த படத்தைப் பிறகு சரிசெய்வது பெரிய தொல்லை. ஃபிளாஷின் முகத்தில் ஆரஞ்சு ஜெல் தாள் (வெளிச்சம் ஊடுருவும் நிறத் தாள்) ஒரு துண்டு ஒட்டி, கேமராவின் வொயிட் பேலன்ஸை, அதாவது நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, மஞ்சள் விளக்குக்கு வையுங்கள். வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவாகவே போகும். பர்ஸில் மடிக்காமல் வைக்கக்கூடிய இந்தத் துண்டு, ஃபிளாஷோடு விற்கிற பல துணைப் பொருள்களை விட உதவியானது.

ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒண்ணு வீட்ல இருக்கு. அதைப் போடலாமா?

அளக்காமல் போடாதீர்கள். இன்றைய ஃபிளாஷின் நடு முனையில் சில வோல்ட்தான் இருக்கும். பழையவை சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும், அது கேமராவின் மின்சுற்றைப் பொசுக்கிவிடலாம். செல் போட்டு, தயார் விளக்கு எரிந்த பிறகு, அடிப்பகுதியின் நடு முனைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒற்றை இலக்க வோல்ட் என்றால் கவலை வேண்டாம். அதற்கு மேல் என்றால் உங்கள் கேமரா எவ்வளவு தாங்கும் என்று கையேட்டைப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். எக்காரணம் கொண்டும் ஃபிளாஷைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட் அளவில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், செல்லை எடுத்த பிறகும்.

ஹாட் ஷூவே இல்லாத கேமராவுக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. உள் ஃபிளாஷ் எரிந்ததைப் பார்த்துத் தானும் எரியும் ஆப்டிக்கல் ஸ்லேவ் வசதியுள்ள ஃபிளாஷ் வாங்குங்கள். ஆனால் டிடிஎல் பதிலில் சொன்ன அந்த முன்வெடிப்பு இங்கே குறுக்கே வரும். வெளி ஃபிளாஷ் அதைப் பார்த்தே எரிந்து தீர்ந்துவிட்டால் நிஜப் படத்தில் ஒன்றும் இருக்காது. முன்வெடிப்பைப் பொருட்படுத்தாமல் விட்டு இரண்டாவதுக்கு எரியும் நிலை வேண்டும். கோடாக்ஸில் அதன் பெயர் எஸ்2, முன்வெடிப்பு இல்லாதவற்றுக்கு எஸ்1. உள் ஃபிளாஷின் அளவை மெனுவில் இயன்ற வரை குறைத்துவிட்டு, வெளி ஃபிளாஷை மேனுவலில் வைத்து ஒரு அலமாரி மேல் கூரையைப் பார்க்க வைத்தால் நன்றாக வரும். வெட்ட வெளியில், பகலில், இதை நம்ப முடியாது.

செலவில்லாத வழியும் ஒன்று: சோனி ஆர்எக்ஸ்100-இன் எழும்பும் ஃபிளாஷை ஆள்காட்டி விரலால் மெல்லப் பின்னால் சாய்த்துப் பிடித்தால் அது கூரையைப் பார்க்கும். தாழ்ந்த வெள்ளைக் கூரை, ஐஎஸ்ஓ 1600 இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஃபிளாஷுக்குப் பதிலா சின்ன எல்இடி விளக்கு?

வீடியோவுக்கு அது சரி, ஃபிளாஷால் அந்த வேலை ஆகாது. நிழற்படத்துக்கு, நகரும் ஆளை நிறுத்தும் பலம் கையடக்க எல்இடியில் இல்லை. முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் எதிரிலிருப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்.

வாங்கி வந்ததும் முதல்ல என்ன பார்க்கணும்? அப்புறம் எப்படி வெச்சுக்கணும்?

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்து பாருங்கள். பள்ளத்தில் இறுக்கமாக நிற்கிறதா, பூட்டு பிடிக்கிறதா? டிடிஎல்லில் ஒரே ஆளை 1, 2, 4 மீட்டரில் எடுத்தால் முகத்தின் வெளிச்சம் ஒரே அளவில் இருக்கிறதா? தலை ஒவ்வொரு கோணத்திலும் தானாகச் சரியாமல் நிற்கிறதா? முழு சக்தியில் அடித்த பிறகு எத்தனை விநாடியில் தயாராகிறது? விடாமல் முழு சக்தியில் அடித்தால் சூடாகி வேகம் குறையும் அல்லது சிறிது நேரம் நின்றுவிடும். அது பாதுகாப்புக்காக, பயப்பட வேண்டாம்.

பல வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் முனைகள் அரித்துவிடும். ஆனால் மாதம் ஒருமுறை செல் போட்டுச் சில தடவை எரிய விடுங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்த கெபாசிட்டர் மந்தமாகிவிடும். பயணத்துக்கு முந்தைய இரவில்தான் அது தெரியவரும்.